பாகு வாசனை

“என் சட்டையை மோந்து பாருங்க நர்ஸம்மா. இதுலயும் அதே வாசனைதானே?”

எலிசியோ குனிந்து தோளைக் காட்டினான். ரோவெனா தயங்கியபடி முகர்ந்தாள். ஆமாம், கருகின சர்க்கரை வாசனை. விடிந்ததிலிருந்து பிள்ளையைப் போட்டுக்கொண்டு நடந்த தோள் அது.

“அப்புறம் என்ன? மூணு தலைமுறையா கரும்பு ஆட்டிப் பாகு காய்ச்சுற வீடு இது. பின்னாடி கொட்டகையிலதான் அடுப்பு. இங்க தூணைச் சுரண்டினாக்கூட தித்திக்கும். பிள்ளை மட்டும் வேற எப்படி மணக்கும்?”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் ரோவெனாவைக் குழப்பியது. அவள் மீன்பிடித் தீவில் பிறந்து வளர்ந்தவள். பனாய்த் தீவின் இந்த மலையடிவாரத்துச் சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி வந்து பத்து நாள்தான் ஆகிறது. கருவாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு இனம் சொல்லுவாள். பாகு அவளுக்குப் புதிது.

வெளியே மழை அடித்துப் பெய்தது. கூடத்துக் கயிற்றில் பிள்ளைத் துணிகள் ஈரமாகத் தொங்கின. பிறந்து ஆறு நாளான குழந்தை, எலிசியோவின் மனைவி ஜோவிலின் மடியில் கண் திறக்காமல் கிடந்தது.

“நேத்துலேருந்து பால் குடிக்கல. வாயில வெச்சா அப்படியே தூங்கிடுறான்” என்றாள் ஜோவிலின்.

“அழுது ஊரைக் கூட்டாத சமத்துப் பிள்ளை. அதுவும் குத்தமா?”

“அண்ணே, விளையாட்டில்ல. சில பிள்ளைங்களுக்குப் பிறவியிலேயே ஒரு குறை. பால்ல இருக்குற சத்தை உடம்பால கரைக்க முடியாம, அது ரத்தத்துல விஷமாத் தங்கிடும். மூத்திரம், வேர்வை எல்லாம் கருகின சர்க்கரையா மணக்கும். இன்னிக்கே இலோய்லோ ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா வேற பால் கொடுத்துக் காப்பாத்திடலாம். தள்ளிப்போட்டா மூளைக்கு ஏறிடும்.”

“குதிகால்ல குத்தி ரத்தம் எடுத்தீங்களே, அது என்ன சொல்லுது?”

“புயல்ல தபால் வண்டி நின்னுபோச்சு. முடிவு வர இன்னும் நாலு நாள் ஆகும்.”

“அப்ப நாலு நாள் கழிச்சுப் பேசுவோம். ஆத்துப் பாலம் முழுகிக் கெடக்கு. சுத்து வழியில எட்டு மணி நேரம், பச்சை உடம்புக்காரியையும் கூட்டிக்கிட்டு, வெறும் வாசனையை நம்பிப் போகச் சொல்றீங்க.” அவன் குரல் தணிந்தது. “எங்க மூத்தவளும் இப்படித்தான் மணப்பா. வெல்லக்கட்டின்னே கூப்பிட்டோம்.”

“அவ எங்கே?”

“பத்தாம் நாள் போயிட்டா. தூக்கத்துலயே. நிமோனியான்னாங்க.”

ரோவெனா விடவில்லை. கெஞ்சினாள், அதட்டினாள், பயமுறுத்தியும் பார்த்தாள். அவன் ஒரே பிடியாக நின்றான். இந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான் மணக்கும் என்றான். இந்த வாசனை வீட்டுடையது அல்ல என்று நிரூபிக்க அவளிடம் ஒன்றுமில்லை. ஓர் இரவைக்கூட வீணாக்கக் கூடாது என்று தெரிந்தும், வேறு வழி தோன்றாமல் கடைசியாகச் சொன்னாள்.

“சரி, ஒண்ணு செய்யுங்க. இப்பவே அந்தக் கொட்டகை அடுப்பை அணைச்சுடுங்க. துணியெல்லாம் மாத்தி, ஜன்னலைத் திறந்து வைங்க. காலையில வந்து மோந்து பாக்குறேன். அப்பவும் பிள்ளை மணந்தா, மறுபேச்சு பேசாம கிளம்பணும்.”

எலிசியோ கொட்டகைப் பக்கம் திரும்பினான். ஜோவிலின்தான் மெதுவாகச் சொன்னாள்.

“எந்த அடுப்பை அணைக்கிறது? மழைக்காலத்துல எவன் கரும்பு ஆட்டுவான்? அது அணைஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு நர்ஸம்மா. அதுக்குள்ளதான் கோழியை அடை வெச்சிருக்கேன்.”

எலிசியோ பிள்ளை சாய்ந்திருந்த தோள் பக்கம் சட்டையை இழுத்து முகர்ந்தான். பிறகு பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு, குடைகூடத் தேடாமல் வெளியே நின்ற சுகாதார நிலைய ஜீப்பை நோக்கி நடந்தான்.

வாசற்படியில் ஒரு கணம் நின்றான்.

“மூத்தவளும் மழைக்காலத்துலதான் பிறந்தா” என்றான்.