பதினாறு தையல்

"பதினாறு தையல் போடுவாங்கம்மா" என்றாள் கீர்த்தனா.

கோயமுத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரி. கருவிழி மாற்று ஆபரேஷனுக்கு வருகிறவர்களை உட்காரவைத்து விவரம் சொல்வது அவள் வேலை. மேசைமேல் சம்மதத் தாள் கிடந்தது, மூடி கழற்றிய பேனாவும்.

மயிலாள் இரண்டையும் தொடவில்லை.

"ஒரே நூல்ல ஓட்டறதா, தனித்தனியா அம்மணி?"

"தனித்தனிங்க."

"அதான் சரி. ஒரே நூலா ஓட்டுனா, ஒரெடத்துல அறுந்தாலும் மொத்தமும் உருவிக்கும்."

முப்பது வருஷம் திருப்பூர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷின் மிதித்தவள், வேறெப்படிக் கேட்பாள்?

இடது கண் சின்ன வயதில் அம்மை வந்தபோதே போனது. மிச்சமிருந்த வலது கண்ணில்தான் போன வருஷம் மிஷின் ஊசி உடைந்து தெறித்தது. புண் ஆறிப் பூ விழுந்துவிட்டது. அதிலிருந்து மகள் முகம்கூடப் புகைக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரிதான்.

ஏழு மாதம் காத்திருந்து, இன்று காலைதான் போன் வந்தது. கண் வந்திருக்கிறது, உடனே புறப்பட்டு வாருங்கள் என்று.

"மரத்துப் போக ஊசி போட்டுத்தாங்க பண்ணுவாங்க, ஒரு மணி நேரம் ஆகும். கட்டுப் பிரிச்ச ஒடனே பளிச்சுன்னு தெரியாதுங்க, மாசக்கணக்காகும். தையலை ஒரு வருஷம் போல ஒண்ணொண்ணா எடுப்பாங்க. சொட்டு மருந்தை மட்டும் நீங்களா நிறுத்தக் கூடாது. செவந்தாலோ வலிச்சாலோ மங்குனாலோ அன்னைக்கே ஓடி வந்தரோணும். உங்க ஒடம்பு, இது நம்முளுது இல்லீன்னு தள்ளப் பார்க்கும்."

"தள்ளத்தான் செய்யும்" என்றாள் மயிலாள்.

பின்னால் நின்ற மகள் சுபஸ்ரீ சிரித்தாள். "ஏம்மா, வெரல்ல ஊசி ஏறுனப்பவே துணியைச் சுத்திக்கிட்டு அடுத்த பண்டலை எடுத்தவ நீ. இதுக்குப் போயி பயந்துக்கறே."

பயம்தான் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள். மயிலாளும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவளுக்குப் புருஷன் ஆத்தப்பன் ஞாபகம். அதே கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். நாள் முழுக்க நீராவிக்குள் நிற்கிற மனுஷன். மேசையில் நூறு பீஸ் வந்து குவிந்தாலும், தோள்பட்டைத் தையலைப் பார்த்தே மயிலாள் தைத்ததைத் தனியாக எடுத்துவிடுவார். அதற்கு மட்டும் இன்னொரு தேய்ப்பு. கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே இந்தக் கூத்து.

"மாஸ்டரே, அந்தப் பீஸெல்லாம் எந்த நாட்டு ஆர்டருங்க?" என்று செக்கிங் பெண்கள் கேட்பார்கள்.

"நம்மூட்டு ஆர்டருங்க" என்பார், தலையைத் தூக்காமல்.

அப்படியொரு கண் அவருக்கு. சாகிறவரை கண்ணாடி போடவில்லை.

"மூணு மணிக்குள்ள சொல்லீருங்கம்மா" என்றாள் கீர்த்தனா. "இல்லீன்னா லிஸ்டுல அடுத்தவங்களைக் கூப்பிடோணும். கண்ணு ரொம்ப நாள் தாங்காதுங்க."

"குடுத்தவங்க யாரு?"

"அதைச் சொல்லக் கூடாதுங்க. எங்களுக்கே தெரியாது."

"அழுதுட்டு இருக்கறப்பவா போயிக் கேட்டாங்க?"

"வேற நேரம் ஏதுங்கம்மா. ஆறு மணி நேரத்துக்குள்ள எடுக்கோணும். அதுவரைக்கும் ஃபேனை நிறுத்தி, கண்ணு மேல ஈரப் பஞ்சு வெக்கச் சொல்லுவாங்க. கருவிழி காஞ்சுரக் கூடாதில்லீங்க."

மயிலாள் மேசையைத் தடவிப் பேனாவை எடுத்தாள்.

"அந்த ஊட்டுல ஃபேனை நிறுத்துனது யாரா இருக்கும், அம்மணி?"

இதுவரை யாரும் அவளிடம் கேட்காத கேள்வி. கீர்த்தனா சுபஸ்ரீயைப் பார்த்தாள். பிறகு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

விரலுக்குப் பக்கத்தில் பேனாவை ஊன்றி, மயிலாள் தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மத்தியானம் ஆத்தப்பனைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கண் வங்கியிலிருந்து வந்த இரண்டு பேர் அவர் கண்ணைத் தருவீர்களா என்று தணிந்த குரலில் கேட்டார்கள். ஃபேனை நிறுத்திவிட்டு, கலந்து பேசிச் சொல்லுங்கள் என்று வாசலில் போய் நின்றுகொண்டார்கள்.

மயிலாள் மாட்டேன் என்று சொல்லவே இல்லை. ஆயுசெல்லாம் நீராவியில் நின்ற மனுஷன், இப்போதுமா வேர்த்துக்கொண்டு கிடக்க வேண்டும் என்று எழுந்து போனாள். ஃபேன் சுவிட்சைப் போட்டு ரெகுலேட்டரை ஐந்தில் திருகினாள். சத்தம் கேட்டு, வாசலில் நின்ற இரண்டு பேரும் செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.

அவர் நெற்றி முடி காற்றில் அசைகிறவரை அங்கேயே நின்றாள்.