நான்காம் பாட்டின் விசில்

பறை, வயலின், எலெக்ட்ரிக் கிதார் எல்லாம் கலந்த அந்த ராக் குழுவின் முதல் ஆல்பத்தில் ரசிகர்களுக்குப் பிடித்துப்போனது, நான்காம் பாட்டின் நடுவே கேட்கும் குக்கர் விசில்தான். ரெக்கார்டிங் அன்று பக்கத்து வீட்டிலிருந்து புகுந்துவிட்ட சத்தம் அது. டிரம்மர் டார்வினின் வாசிப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த விசிலுக்காகவே கச்சேரிகளில் மேடையில் அடுப்பு மூட்டிக் குக்கர் வைத்தார்கள்; அதைப் பார்த்துக்கொள்வதும் அவன் தலையில்தான் விழுந்தது. “அந்த எடத்துல நீ வாசிக்காத டார்வின், விசில் மட்டும் வரட்டும்” என்றிருந்தாள் பாடகி செல்மா.

அன்றைய கச்சேரியிலும் நான்காம் பாட்டின் நடுவே எல்லா வாத்தியங்களும் நின்றன. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு குக்கரைப் பார்த்தது. வெயிட் ஆடத் தொடங்கியதும் டார்வின் டிரம் குச்சியால் அதை அழுத்திப் பிடித்தான்.

“டேய், எடுடா!” செல்மா மைக்கிலேயே கத்தினாள்.

குக்கர் நடுங்கியது. அவன் மறு கையால் நிதானமாக வாசிக்க ஆரம்பித்தான்.