பத்து விநாடி மாப்பிள்ளை

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லின் மேல் ஆணை.

ஃபோகஸ் என்று எல்லோரும் கூப்பிடும் புகைப்படக்காரர், ட்ரைபாடின் குட்டைக் காலுக்கு அடியில் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, கேமராவின் தலையில் இருந்த சக்கரத்தைத் திருப்பினார்.

எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் அவருடைய மனைவி. இன்னொன்று காலி.

அந்தக் காலி நாற்காலியில் தானும் உட்கார்ந்து, இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் ஒரு படம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

சின்ன ஆசைதான். ஆனால் அந்த அம்மாளுக்கு ஞாபகம் போய்விட்டது. மொத்தமாகப் போயிருந்தாலாவது மனசைத் தேற்றிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுப் பூனை எந்த மழைக்குக் குட்டி போட்டது, மகளுக்கு முதல் பல் எந்தப் பக்கம் முளைத்தது, எல்லாம் அத்துப்படி. தேய்த்துக் கழுவினாற்போல் அழிந்திருந்தது புருஷன் ஒருவர்தான்.

ஜோடியாக எடுத்த படத்தைக் காட்டினால் மறந்தவர்களுக்கு ஞாபகம் திரும்பும் என்று மருந்துக்கடைக்காரர் சொல்லியிருந்தார்.

அப்படி ஒரு படம் இருந்தால்தானே.

கல்யாணத்தன்றே கேமராவை இன்னொருவர் கையில் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. ஃபோகஸ் பார்ப்பதற்காக மாப்பிள்ளை இடத்தில் ஒரு நண்பனை நிறுத்திவைத்தார். நண்பன் தங்கமானவன். நில் என்றால் நிற்பான், சிரி என்றால் சிரிப்பான். பிறகு மகள் பிறந்தபோது, வெளிச்சம் பார்ப்பதற்காக, அவனையே குழந்தையைத் தூக்கிக்கொள்ளச் சொன்னார். ஆல்பம் முழுக்க அவன்தான். கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவர் படத்தில் எப்படி விழுவார்?

சக்கரத்தில் முதலில் டைமர். அமுக்கிப் பத்து விநாடி கழித்துத் தானே எடுக்கும்.

பொத்தானை அமுக்கினார். சிவப்பு விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியது. முழங்கால் இரண்டும் ஆளுக்கொரு திசையில் இழுக்க, ஓடிப்போய் நாற்காலியில் விழுந்தார்.

அம்மாள் பதறி எழுந்தாள். “பாத்துண்ணே! மூச்சு வாங்குதே, தண்ணி கொண்டு வரட்டா?”

அண்ணே.

கட்டின புருஷனைக் கிழவா என்று கூப்பிடலாம், செவிடா என்று கூப்பிடலாம். அண்ணே என்று கூப்பிட்டால் அந்த மனுஷன் எங்கே போய் முட்டிக்கொள்வார்?

படத்தில் அவரும் அவள் எழுந்துபோன நாற்காலியும் ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். பொருத்தத்தில் குறையில்லை.

அடுத்தது கன்டினியூவஸ். அமுக்கிய விரலை எடுக்கும்வரை சடசடவென்று எடுத்துத்தள்ளும். ரிமோட்டை உள்ளங்கையில் ஒளித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். விடாமல் அமுக்கினார். இத்தனையில் ஒன்றுகூடவா தேறாது?

முதல் படத்தில் அம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அதற்கடுத்ததில் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டாள். அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். கடைசிப் படத்தின் ஓரத்தில் சேலை நுனி மட்டும் இருந்தது. ஒரு பெண் ஒருவரைவிட்டு விலகிப்போவதை இத்தனை விவரமாக எந்தக் கேமராவும் எடுத்ததில்லை.

அப்புறம் சைலன்ட். ஷட்டர் விழுவது ஈக்குக்கூடக் கேட்காது. நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டுவிட்டு, அம்மாள் அசந்த நேரமாகப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்தார். அவள் கவனிக்கவில்லை. நகரவில்லை. இரண்டு பேரும் ஒரே படத்தில் விழுந்துவிட்டார்கள்.

அவள் வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தாள். விழுந்தது கொண்டை.

கொண்டையைக் காட்டி யாருக்கு ஞாபகத்தை வரவழைப்பது?

“என் பக்கத்துல வந்து வந்து உக்காந்துட்டு என்னத்த எடுக்குறீங்க? இருங்கண்ணே, என் வீட்டுக்காரர் வரட்டும்.”

வந்துவிட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார்.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவன் அந்த நண்பன். ஃபோகஸ் பார்க்க நிறுத்திவைத்தவனை, போதும் நகரு என்று யாருமே சொல்லவில்லை. அவனும் நகரவில்லை. இப்போது புதிதாக முடிவெட்டி, முகம் மழித்து வந்திருந்தான். காது மடலில் சோப்பு நுரை.

“என்ன ஃபோகஸு, ரொம்ப நேரம் காக்க வச்சுட்டேனா? கடையில ஒரே கூட்டம்.” உட்கார்ந்தவன் பாதியில் எழுந்து திரும்பிப் பார்த்தான். “இதென்ன, நாற்காலி சூடா இருக்கு?”

“ஜோடியா படம் எடுக்கணும்னு ஆளை வரச்சொல்லிட்டு, மாப்பிள்ளை வர்ற அழகைப் பாருங்கண்ணே” என்று சொல்லி, அம்மாள் முந்தானையால் நுரையைத் துடைத்தாள். துடைக்கும்போதே சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பு இதுவரை சக்கரத்தின் எந்த மோடிலும் விழவில்லை.

ஃபோகஸ் கேமராவுக்குப் பின்னால் போனார். டைமரில் வைத்தால் இப்போதும் பத்து விநாடி கிடைக்கும். ஓடலாம். உட்காரத்தான் இடமில்லை.

விரல் சக்கரத்தின் மேலேயே நின்றது. பிறகு சிங்கிளுக்குத் திருப்பினார். ஒரு தடவை அமுக்கினால் ஒரே ஒரு படம்.

“இப்ப எடுங்கண்ணே” என்றாள்.

எடுத்தார். இரண்டு முகமும் துல்லியமாக விழுந்திருந்தன.

ஃபோகஸுக்குக் கல்யாணம் ஆனதே இல்லை.