அத்துமீறும் கருவி
விசிறிகள் இரையும் குளிர் அறையில், நெட்வொர்க் பெட்டியின் முன்னால் மண்டியிட்டிருக்கிறார் மூத்த டெக்னீஷியன். லேப்டாப்பைச் சொருகி அவர் எதை மாற்றினாலும், மேலிடத்துப் புது மென்பொருள் அடுத்த நிமிடமே அதை அழித்துத் தன் இஷ்டத்துக்குத் திருப்பிவிடுகிறது. இது மூன்றாவது தடவை. பல்லைக் கடிக்கிறார். "அண்ணே, கையை எடுங்க. இனிமே எல்லாமே என் மேசையிலேருந்துதான்," என்கிறாள் திறந்த கதவுக்கு அப்பால் புது அதிகாரி, திரையை விட்டு முகத்தைத் திருப்பவில்லை. "இந்தப் பெட்டிய இங்க மாட்டுனதே நான்தாம்மா." யாருக்கு வந்த விருந்தோ என்று பச்சை விளக்குகள் கண் சிமிட்டுகின்றன. சுவர்த்திரையிலும் அவள் மேசைத் திரையிலும் சிவப்பாய் ஒரு வரி எழுகிறது: அத்துமீறும் கருவி ஒன்று, நிரந்தரமாகத் தடுக்கவா? அது அவருடைய லேப்டாப். இப்போதுதான் அவள் அவரை நிமிர்ந்து பார்க்கிறாள். பார்த்தபடியே 'ஆம்' என்பதைத் தட்டுகிறாள்.