மேஜருக்கு விடுதலை

மேஜரின் முகமடிப்புகளுக்குள் விரலை விட்டு, ஈரத்துணியால் பதமாகத் துடைத்துக்கொண்டிருந்தான் பரமானந்தம். அண்ணனைக் கடித்துக் கொன்ற நாயை ஒருவன் இப்படிப் பெற்ற பிள்ளைபோலக் கழுவுவானா என்று, தோட்டக் கூலிகளின் லைன் வீட்டு ஜனம் மொத்தமும் வேலிக்கு வெளியே நின்று காறித் துப்பியது.

மேஜர், தாண்டிக்குடி காப்பித் தோட்டத்துப் பெர்க்கின்ஸ் துரையின் புல்டாக். அமுங்கிய மூக்கு, தொங்கும் கன்னம், மேல்தாடையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கீழ்த்தாடை, அதில் துருத்திய இரண்டு பல். எமன் வீட்டு நாய்க்குக்கூட இதைவிடக் கொஞ்சம் லட்சணமான முகம் இருக்கும்.

பரமானந்தத்தின் அண்ணன் சிலுவைராஜ், துரைக்கு முன்னால்கூடத் தோளிலிருந்து துண்டை இறக்காதவன். பத்து நாளைக்கு முன்பு, பங்களாவிலிருந்து ஒரு மைல் ஏற்றத்தில், மேட்டுக் காட்டில் கழுத்து கிழிந்து கிடந்தான்.

“பங்களாவில் திருட வந்தான். மேஜர் தொரத்திப் போய்க் கடிச்சிடுச்சு” என்று துரை சொன்னார். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் நம்பாமல் என்ன செய்வார்கள்? நம்பினார்கள், அன்றைக்கே புதைத்தார்கள்.

சிலுவைராஜின் பெண்டாட்டி புஷ்பமேரி மட்டும் தாலியைக் கழற்ற மறுத்துவிட்டாள். “அந்த நாயி சாகட்டும். அன்னைக்குக் கழட்டுறேன்” என்றவள், கோடைக்கானலுக்கு நடந்தே போய் மனுக் கொடுத்துவிட்டு வந்தாள். அந்த மனுவின் பேரில்தான் இன்றைக்கு மாஜிஸ்திரேட் மட்டக் குதிரையில் வந்து இறங்கியிருந்தார். நாய் இனியும் ஆளைக் கொல்லும் என்று பட்டால், இன்றே அதைச் சுட உத்தரவு போட்டுவிடுவார்.

“ஏலே பரமானந்தம்!” வேலிக்கு அந்தப் பக்கமிருந்து புஷ்பமேரி கத்தினாள். “நீ அந்த நாயிக்குச் சாட்சி சொல்லப் போறியாமே, நெசமா?”

“ஆமா மதினி.”

“கூடப் பொறந்த ரத்தம் கொதிக்கலையாலே ஒனக்கு?”

“கொதிச்சுக்கிட்டுத்தான் கெடக்கு” என்றான். துணியைப் பிழிந்து கொடியில் போட்டான். அவள் ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி அவன் முதுகில் எறிந்தாள்.

பங்களா வராந்தாவில் விசாரணை தொடங்கியது. சிலுவைராஜ் செத்த அன்று காப்பியை ஆறவிடாமல் குடித்த துரைக்கு, இப்போது நாயை நினைத்துக் கண் சிவந்திருந்தது.

“நாயைப் பார்த்துக்கிறவன் நீதானே? உள்ளதைச் சொல்லு” என்றார் மாஜிஸ்திரேட்.

“ரொம்பச் சாதுங்கய்யா. பூனை சீறுனாக்கூட என் காலுக்கு நடுவுல வந்து நின்னுக்கும். சின்னப் புள்ளைக காதைப் புடிச்சு இழுத்தாலும் சும்மா படுத்துக் கெடக்கும்.”

“முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியலையே!”

“மொகம் அது வாங்கிட்டு வந்த வரங்கய்யா, அதுக்கு அது என்ன செய்யும்? மூக்கு உள்ளாற அமுங்கிப்போனதால மூச்சு ஏறாது. நெஞ்சு கனம், முன்னங்காலு வளைவு. இந்தப் படியில நாலு ஏறுனா அஞ்சாவதுல படுத்துரும். ஒருத்தன் மேல பாயணும்னா மொதல்ல ஓடணும்லங்க?”

“சரி, சரி! ரொம்பச் சரி!” துரை நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார்.

“ஐயா கண்ணாலயே பாத்துருங்க” என்று பரமானந்தம் சங்கிலியைக் கழற்றினான். மேஜருக்கு உயிரான ஆட்டெலும்பு ஒன்றைக் காட்டிவிட்டு மேட்டைப் பார்த்து ஓடினான்.

மேஜர் பின்னாலேயே புறப்பட்டது. பத்தடி போவதற்குள் தொண்டையில் ரம்பம் அறுக்கிற சத்தம். இருபதாவது அடியில் நான்கு காலையும் பரப்பிக்கொண்டு விழுந்தது. நாக்கு நாவல்பழம் தின்றதுபோல நீலம் பாரித்துவிட்டது.

வேலிக்கு வெளியே நின்றவர்கள், இத்தனை நாளும் இதற்கா பயந்தோம் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

துரை பதறியடித்து ஓடிப்போய் நாயின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். “போதும்! நிறுத்து! மேஜர் செத்துப்போகும்! இது ஓடாது! குட்டியா வந்த நாள்ல இருந்து இந்த நாய் இவ்வளவு தூரம்கூட ஓடினதே கிடையாது!”

“இதை உங்க வாக்குமூலமா எழுதிக்கலாமா?” என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

“எழுதுங்க! எல்லாம் எழுதுங்க!”

குமாஸ்தா எழுதினார். துரை அதைப் படித்துக்கூடப் பார்க்காமல், நாயின் எச்சில் வடிந்த கையாலேயே கையெழுத்துப் போட்டார். மாஜிஸ்திரேட் அதை வாங்கி நிதானமாக ஒருமுறை படித்தார்.

“நாயைச் சுட வேண்டியதில்லை” என்றார்.

புஷ்பமேரி நெஞ்சில் அறைந்துகொண்டு அழுதாள். “வெள்ளைக்காரன் போடுற சோத்துக்கு அண்ணனை வித்துட்டியேடா பாவி! நீ வெளங்குவியாடா?”

துரை எழுந்து வந்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கூலிக்காரன் தோளில் கை வைத்தார். “நீ நல்ல மனுஷன், பரமானந்தம். உனக்கு என்ன வேணும், கேள்!”

பரமானந்தம் அந்தக் கையை மெதுவாக எடுத்து விலக்கினான். துரையைத் திரும்பியும் பார்க்காமல் மாஜிஸ்திரேட்டுக்கு எதிரே போய் நின்றான்.

“அப்ப எங்க அண்ணன மேட்டுக் காடு வரைக்கும் தொரத்திக் கொன்னது யாருங்கய்யா?”