வாய் திறக்காத ரசிகன்

ஆட்டம் முடியப் போகிறது. ஒன்றுக்கு ஒன்று.

இதை மட்டும் ஜெயித்துவிட்டால் போதும், அடுத்த வருடமும் முதல் பிரிவிலேயே இருந்துகொள்ளலாம். இல்லையென்றால் மூட்டை முடிச்சோடு இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான்.

எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மூச்சு வாங்குகிறது. நாக்கு வறண்டு போய்விட்டது.

ஆனாலும் வாயைத் திறக்கக்கூடாது. கிளம்பும்போதே என் மனைவி சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"இங்க பாருங்க, இன்னைக்கு ஒரு நாளாவது கத்தாம, குதிக்காம, மரியாதையா இருந்துட்டு வாங்க."

அவள் பயம் நியாயமானதுதான். நினைவு தெரிந்த நாளிலிருந்து நான் இந்த அணியின் ரசிகன். தோற்றால் அன்று எனக்குச் சோறு இறங்காது. ஐந்து வருடமாக நான் ஏன் இளைத்துக்கொண்டே போகிறேன் என்று டாக்டர் என்னென்னவோ காரணம் சொல்கிறார்.

எதிரே மூன்றாவது வரிசையில் அண்ணனும் அம்மாவும் இருக்கிறார்கள். எப்போதும் அவர்களுக்கு நடுவில்தான் என் இடம். இன்று அதில் அம்மாவின் கைப்பை உட்கார்ந்திருக்கிறது.

அண்ணன் எனக்கும் சேர்த்துக் கத்திக்கொண்டிருக்கிறான். பார்க்கவே பொறாமையாக இருக்கிறது.

முதல் பாதியில் எங்கள் பையன்கள் கோல் போட்டபோது என் கை தானாக மேலே போய்விட்டது. சட்டென்று காதைச் சொறிவதுபோல இறக்கிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இப்படி ஆடுவதெல்லாம் டீச்சர் வந்த பிறகு வந்தது.

டீச்சர் என்றால் எங்கள் புதிய பயிற்சியாளர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். வேறு யாரும் இந்த அணியைத் தொட மாட்டேன் என்று ஓடிய பிறகுதான் அவரைக் கூப்பிட்டார்கள். இந்த அம்மா வந்து என்ன கிழிக்கப் போகிறது என்று அண்ணனே கேட்டான்.

முன்பு இருந்தவர் பையன்களுக்கு ஒரே ஒரு வித்தையைத்தான் கற்றுக்கொடுத்திருந்தார். எதிரணியின் கோலை நெருங்கியதும் விழுவது. காற்று பட்டாலும் விழுவார்கள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெற்ற தாயைக் கூப்பிடுவார்கள். பெனால்டி கிடைக்கும். அதையும் வெளியே அடிப்பார்கள் என்பது வேறு விஷயம்.

தானாக விழுகிறவன் தானாகவே எழுந்து வீட்டுக்குப் போகலாம் என்று டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டாராம்.

வேலைக்குப் போகும் வழியில் ஒரு நாள் பயிற்சியைக் கம்பி வேலி வழியாகப் பார்த்தேன். பையன்கள் தலைதெறிக்க ஓடினார்கள். ஒருவனுக்கொருவன் பந்தைக் கொடுத்து வாங்கினார்கள். ஒருத்தன்கூட விழவில்லை. அன்று வேலைக்குத் தாமதமாகப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். மனசு மட்டும் குளிர்ந்து கிடந்தது.

அதே பையன்கள்தான் இப்போது என் கண் முன்னால் பறக்கிறார்கள். இவ்வளவு கிட்டத்தில் இவர்களை நான் பார்த்ததே இல்லை.

பந்து வெட்டுக்கிளியின் காலுக்கு வருகிறது. எங்கள் முன்கள ஆட்டக்காரன். அவனுடைய நெட்டைக் கால்களைப் பார்த்து ரசிகர்கள் வைத்த பெயர் அது.

ஒருவனை ஏமாற்றுகிறான். இன்னொருவனை ஏமாற்றுகிறான். இனி கோல் கீப்பர் மட்டும்தான் பாக்கி. பக்கத்திலிருந்து ஒரு தடுப்பாட்டக்காரன் காலை நீட்டுகிறான்.

அடிடா கண்ணா, அடி.

அவன் அடிக்கவில்லை. விழுகிறான்.

பெனால்டி, பெனால்டி என்று மைதானமே எழுந்து நிற்கிறது.

நீட்டிய காலுக்கும் அவன் காலுக்கும் நடுவில் ஒரு ஜாண் இடைவெளி. எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. பழைய புத்தி, பாவம், அவசரத்தில் எட்டிப் பார்த்துவிட்டது.

வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. பெனால்டி கிடைத்தால் கோல். கோல் விழுந்தால் முதல் பிரிவு. இன்று இரவு எனக்கு வயிறு நிறையச் சோறு இறங்கும்.

அத்தனை பேர் கண்ணும் என் மேல்தான் இருக்கிறது.

விசிலை ஊதுகிறேன். வெட்டுக்கிளியிடம் ஓடிப்போய், நடித்து விழுந்ததற்காகச் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து உயர்த்திக் காட்டுகிறேன்.

வரவேண்டிய நடுவருக்கு நேற்று கால் பிசகிவிட்டது. ஐயா, நான் அவர்களுடைய ரசிகன் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். இந்த ஊரில் யார்தான் இல்லை என்று எங்கள் நடுவர் சங்கத்தில் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

மூன்றாவது வரிசையிலிருந்து அண்ணனின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கிறது.

"குருட்டுப் பயலே! உன்னைப் பெத்தவங்களைச் சொல்லணும்டா!"

அம்மா கைப்பையை எடுத்து அவன் முதுகில் ஒன்று வைக்கிறாள்.

டீச்சர் கோட்டோரமாக ஓடி வருகிறார். எனக்குத் திட்டு விழப்போகிறது என்று தலையைக் குனிந்துகொள்கிறேன். அவர் பார்ப்பது என்னை இல்லை.

"ரெஃபரி செஞ்சது சரிதான்டா! எந்திரி, ஓடு!"

எங்கள் அணிக்காரர் ஒருவர் வாயால் இப்படியொரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை. வெட்டுக்கிளி எழுந்து, என்னைப் பார்த்து அசடு வழிந்துவிட்டு, பந்தைத் துரத்திக்கொண்டு ஓடுகிறான். இந்த அணி எந்தப் பிரிவில் இருந்தால் என்ன, இனி உருப்பட்டுவிடும். சந்தோஷத்தில் நானும் அவன் பின்னால் ஓடுகிறேன்.

கடிகாரத்தைப் பார்க்கிறேன். அவன் விழுந்து கிடந்த நேரத்தையும் சேர்த்தால் இன்னும் ஒரு நிமிடம் ஆடலாம்.

சத்தியமாக, சட்டப்படியே ஆடலாம்.