தானே சாத்திக்கொள்ளும் கதவு

2023 ஜூன் 14, புதன்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். திருச்சி, பொன்மலைப்பட்டி. பால் மூன்றாவது நாளாகத் திரிந்தது.

அவள் அடுப்பை அணைத்தாள்.

குளிர்சாதனப் பெட்டியின் மேலறையில் பனிக்கட்டி கல்லாக இருந்தது. கீழறையில் வெண்ணெய் இளகிக் கிடந்தது. தோசை மாவு மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருந்தது.

அவள் கேட்பதற்கு முன்பே கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

“மறுபடியுமா? நாந்தான் கதவைச் சாத்தாம விட்டிருப்பேன்.”

“விட்டிருப்பேன்னா? விட்டீங்களா, இல்லையா?”

“ஞாபகம் இல்லையேம்மா.”

திங்களன்றும் இதையே சொன்னார். செவ்வாயன்றும் இதையே சொன்னார்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் ரயில் நிலைய அதிகாரியாக இருந்தவர். கேட் மூடியாயிற்று என்று காதால் கேளாமல் ஒரு வண்டிக்கும் ‘லைன் கிளியர்’ கொடுக்காதவர்.

நேற்று மாலை முதல் பெட்டியின் கதவுக்கு ஒரு முக்காலியை முட்டுக்கொடுத்து வைக்கிறார். தண்ணீர் எடுக்க அதை நகர்த்துகிறார். எடுத்தபின் மீண்டும் முட்டுக்கொடுக்கிறார். இரண்டடி நடக்கிறார். திரும்பி வந்து கதவைத் தொட்டுப் பார்க்கிறார்.

அவள் மேசை இழுப்பறையிலிருந்து ஏட்டை எடுத்தாள்.

கணவரின் மறதிகளை நாளிட்டுக் குறித்து வைக்குமாறு மருத்துவர் சொல்லியிருந்தார்.

மார்ச் 2: சாவி.

ஏப்ரல் 19: மருமகளின் பெயர்.

மே 30: மருந்துக்கடையிலிருந்து திரும்பும் வழி.

ஜூன் 12: பெட்டியின் கதவு.

ஜூன் 13: பெட்டியின் கதவு.

மூன்று மாதங்களில் மூன்று வரிகள். பிறகு ஒரே வாரத்தில் இரண்டு. இன்றையதையும் எழுதினாள்.

கோயம்புத்தூரில், மறதி உள்ளவர்களுக்கான இல்லத்தில், ஓர் இடம் காலியாகியிருந்தது. வேண்டுமா, வேண்டாமா என்று இன்று மாலைக்குள் சொல்ல வேண்டும். “தினமும்னு ஆயிடுச்சுன்னா உன்னால முடியாதும்மா,” என்று மகன் முந்தைய இரவு தொலைபேசியில் சொல்லியிருந்தான்.

அவள் மறுக்கவில்லை.

பழுது பார்ப்பவரை வரச் சொன்னது, கதவின் ரப்பர் விளிம்பையாவது மாற்றி வைக்கலாம் என்றுதான். அவர் பெயர் சவரிமுத்து. பத்து மணிக்கு வருவதாகச் சொல்லிப் பத்தே காலுக்கு வந்தார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள், அவரும் பார்த்தார்.

முக்காலியை நகர்த்தினார். கதவைத் திறந்தார். வாய் விட்டுச் சிரித்தார்.

“அம்மா, மிலிட்டரில இருந்தீங்களா?”

உள்ளே ஒன்பது சதுர எவர்சில்வர் டப்பாக்கள். மும்மூன்றாக, ஒரே உயரத்தில், பின்சுவரோடு ஒட்டி நின்றன. ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு. தயிர். மோர். மாவு.

“யாரு அடுக்குனது?”

“நான்தான்.”

“எப்ப?”

“ஞாயித்துக்கிழமை.”

அன்று கணவர் தயிரைப் பத்து நிமிடம் தேடிக்கொண்டிருந்தார். இனி அவருக்குத் தேடும் வேலை இருக்கக் கூடாது என்றுதான் அடுக்கினாள்.

சவரிமுத்து நடு வரிசையை வெளியே எடுத்து வைத்தார். பின்சுவரில் விரல் அகலத்தில் ஒரு திறப்பு தெரிந்தது.

“மேல இருக்குற குளிர் இது வழியாத்தான் கீழ இறங்கணும். நீங்க மூச்சு விட எடமில்லாம அடைச்சு வச்சிருக்கீங்க. ஃப்ரிட்ஜுல ஒரு கோளாறும் இல்லம்மா.”

அவள் முக்காலியைப் பார்த்தாள்.

“கதவு?” என்றாள். “கதவு திறந்தே கிடந்திருந்தா?”

“எப்படிக் கெடக்கும்? இங்க பாருங்க.”

கதவைக் கால்வாசி திறந்து, கையை எடுத்துவிட்டார்.

கதவு ஒரு கணம் யோசித்தது. பிறகு மெல்ல நகர்ந்து, தானே போய்ச் சாத்திக்கொண்டது.

“முன்கால் ரெண்டையும் ஒரு நூல் ஒசத்தி வச்சிருக்காங்க. வெவரமான ஆளு யாரோ.”

பெட்டி வந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. பதினொரு ஆண்டுகள் ஆயின. கணவர் தரையில் படுத்து, திருகி, எழுந்து பார்த்து, மீண்டும் படுத்துத் திருகினார். போதும் என்று அவள்தான் கடிந்துகொண்டாள்.

அவர் இப்போது அருகில் வந்திருந்தார்.

கதவைத் திறந்தார். விட்டார். சாத்திக்கொண்டது.

மீண்டும் திறந்தார். விட்டார். சாத்திக்கொண்டது.

“அப்ப நான் சாத்திக்கிட்டுத்தான் இருந்தேனா?”

“சாத்தினீங்க.”

“மூணு நாளும்?”

“மூணு நாளும்.”

அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

“லைன் கிளியர்,” என்றார். சவரிமுத்துவிடமா, கதவிடமா என்று தெரியவில்லை.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, விருந்தாளிக்கு எலுமிச்சம்பழம் பிழிந்தாள். காபிக்குப் பால் இல்லை.

மாலை நான்கு மணிக்கு வெண்ணெய் இறுகியிருந்தது.

முடிவானவை இவை. டப்பாக்கள் ஆறு மட்டும் உள்ளே இருக்கும். பின்சுவருக்கும் அவற்றுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருக்கும். வெள்ளிக்கிழமை மருத்துவரைப் பார்ப்பதில் மாற்றம் இல்லை. மார்ச், ஏப்ரல், மே வரிகள் உள்ளபடியே இருக்கும். ஜூன் மாதத்து மூன்று வரிகளும் அளவுகோல் வைத்து அடிக்கப்பட்டன. கோயம்புத்தூருக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. முக்காலியை அவரே கொண்டுபோய்க் குளியலறையில் வைத்தார்.

அடிக்கப்பட்ட வரிகளுக்கு மேலே, மே மாதத்துக்குக் கீழே, சிறிது இடம் இருந்தது. அதில் எழுத்தைக் குறுக்கி ஒரு வரி சேர்க்கப்பட்டது.

ஜூன் 11: டப்பாக்கள். நான்.